மன்னாரிலிருந்து மதவாச்சி வரை
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை சைக்கிளில் போய் வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். முழுக் கதையையும் சொன்னால் பெரட்டுக்குத் தப்பு அடித்துவிடும். அதனால் இரண்டாம் நாளை மட்டும் சொல்கிறோம்.

நாங்கள் பதினொரு பேர். அதில் நான்கு பேர் பெண்கள். கொழுந்து எடுக்கிறவர்கள், பெக்டரியில் வேலை செய்கிறவர், பிள்ளைக்காம்பரா ஆயம்மா, படிப்பு முடித்த பிள்ளைகள், வாத்தியார். நம் தோட்டத்தில் சைக்கிளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மேட்டு லயத்திலிருந்து ஸ்டோருக்கு உருண்டு வரலாம், திரும்பத் தள்ளிக்கொண்டுதான் ஏற வேண்டும். ஆகவே பாதிப் பேர் இரண்டு மாதத்துக்கு முன்புதான் பாடசாலை மைதானத்தில் விழுந்து எழுந்து பழகினோம். சைக்கிள்கள் இரவல். மூன்றுக்குத்தான் கியர் இருந்தது. மற்றவை பழைய லுமாலா.

ஏன் அந்தப் பாதை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோப்பிக் காலத்தில் நம் ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். மலையகம் 200 என்று 2023இல் நடைபவனியும் போனது. பதினைந்து நாள் நடக்க நமக்கு லீவு யார் தருவார்? ஐந்து நாள் பேரை விட்டுக்கொடுத்து சைக்கிளில் போனோம்.

மன்னாரிலிருந்து மதவாச்சிக்கு ஏறக்குறைய 85 கிலோமீற்றர். விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். தீவைக் கரையோடு சேர்க்கிற மூன்று கிலோமீற்றர்ப் பாலத்து றோட்டில்தான் முதல் சோதனை. ஆகஸ்ட் மாதம் அங்கே கச்சான் காற்று. வலப்பக்கத்திலிருந்து அடித்து, சைக்கிளோடு ஆளையும் கடலுக்குத் தள்ளப் பார்க்கிறது. சாய்ந்துகொண்டே மிதித்தோம். முதல் நாளே ஒரு விதி போட்டிருந்தோம்: மெதுவாக மிதிக்கிறவர் முன்னே, பலசாலி கடைசியில். பிள்ளைக்காம்பரா அக்காதான் முன்னே போனார். பெடியன்களுக்கு அது பிடிக்கவில்லை. பத்து மணி வெயிலில் அவர்களே அக்காவின் பின்னால் பேசாமல் வந்தார்கள்.

உயிலங்குளம், முருங்கன். கண்ணுக்கெட்டிய தூரம் மலையே இல்லை. எங்களில் ஒரு தங்கச்சிக்கு அது பயமாக இருந்தது. "சாய்ந்துகொள்ள ஒன்றும் இல்லையே" என்றாள். முருங்கனுக்குள் மூன்று டியூப் போய்விட்டன, எல்லாம் உடைமுள். சைக்கிள் கடை ஐயா மூன்றையும் ஒட்டித் தந்துவிட்டு, "மலைநாட்டுப் பிள்ளைகளா?" என்று கேட்டு, ஒன்றுக்கு மட்டும் காசு எடுத்தார். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் விளைகிற பூமி அது. அறுத்த வயலைப் பார்த்துக்கொண்டே கட்டிவந்த ரொட்டியையும் சம்பலையும் தின்றோம்.

அதற்கப்புறம் காடு. நாலு மணிக்கு முதல் கடந்துவிடுங்கள், யானை வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். தார் கொதிக்கிறது. ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், பதினொரு மணிக்கே முடிந்துவிட்டது. ஆனால் எங்களுக்குக் கடை இருக்கிறது, கிணறு இருக்கிறது, கையில் போன் இருக்கிறது. இந்தப் பக்கம் நடந்த நம் ஆட்களுக்கு என்ன இருந்தது? காய்ச்சலும் வாந்திபேதியும் வந்தவரைப் பாதையில் விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்தது. கங்காணி கொடுத்த வழிச்செலவு கணக்கில் ஏறியது. ஒரு கோப்பிப் பழம் பறிக்கு முன்பே கடன்காரர்.

செட்டிகுளம் பக்கத்தில் ஒரு வீட்டுப் படலையில் தண்ணீர் கேட்டோம். அறுபது தாண்டிய அம்மா ஒருவர் வாளியோடு வந்தார். எங்கள் பேச்சைக் கேட்டதும் வாளியை வைத்துவிட்டு, "எந்தத் தோட்டம் தம்பி?" என்றார். அந்த ஒரு கேள்வியை வேறு யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

1977 கலவரத்தில் லயம் எரிந்து, பதினாலு வயதில் லொறியேறி வந்தவர் அவர். "மலையில காம்பரா நம்மளது இல்ல, இங்க காடு வெட்டினா நம்மளது" என்று அப்பா சொன்னாராம். வெட்டினார்கள். பிறகு யுத்தத்தில் அந்த வீடும் போனது. 2009இல் கூடாரத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி கட்டினார். பேசிக்கொண்டே உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டு வந்தார். பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைக் கடதாசி, அரை ஏக்கருக்குப் பெர்மிட். "ரெண்டு தரம் ஓடினப்பவும் இத மட்டும் விடல" என்றார்.

கொழுந்து எடுக்கிற அக்கா அந்தப் பெர்மிட்டை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். அவருக்கு வாசிக்க வராது. முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதன்பின் மதவாச்சி வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

தோழர்களே, இரண்டு தரம் அகதியான அந்த அம்மாவிடம் அரை ஏக்கருக்குக் கடதாசி இருக்கிறது. நாலு தலைமுறையாக ஒரே காம்பராவில் பிறந்து, ஒரே வாசலிலிருந்து பிணம் தூக்கிய நம்மிடம் என்ன இருக்கிறது? ஏழு பேர்ச், பத்து பேர்ச் என்று எத்தனை தேர்தலில் கேட்டோம்! 1948இல் பிரஜாவுரிமை போனதும், 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை அனுப்ப இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்திட்டதும் நம்மைக் கேட்டு நடந்ததா? அப்படி அனுப்பப்பட்டவர்களில் பலர் கப்பலேறியது, பாட்டன்மார் வந்திறங்கிய அதே தலைமன்னாரில்.

மதவாச்சியில் இறங்கும்போது மாலை ஐந்தரை. ஒரு சிங்களக் கடைக்கார ஐயா பிளேன்டீ தந்தார். நுவரெலியாவா, பதுளையா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் ஊற்றியது டஸ்ட். நாம் பறிக்கிற நல்ல தூள் அவருக்கும் கிடைப்பதில்லை.

அன்றிரவு படுக்கும் முன் பதினொரு பேரும் பேசி ஒரு முடிவெடுத்தோம். அதைத்தான் உங்கள் முன் வைக்கிறோம். வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் பிள்ளைக்காம்பராவுக்கு வாருங்கள். வீட்டில் உள்ள பழைய கடதாசி எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள்: பிறப்பு, விவாகச் சான்றிதழ், பிரஜாவுரிமைப் பத்திரம், தாத்தாவின் பாஸ்போர்ட், சம்பளத் துண்டு, சேமலாப நிதி அட்டை, கிழிந்ததானாலும் சரி. எலி கடித்ததையும் எறிய வேண்டாம். காம்பரா வாரியாகப் பதிந்து, போன பிள்ளைகள் பிரதி எடுத்துத் தருவார்கள். அசலை எங்களிடமும் விட்டுப் போகாதீர்கள், கையோடு கொண்டு போங்கள். பெயர் பிழையாக உள்ளவர்கள் அன்றே சொல்லுங்கள். மறுநாள் பிரதேச செயலகத்துக்கு ஒன்றாகப் போவோம்.