வானொலி அலைகளும் வாலிபர்களும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



வானொலித் தொழில்நுட்பத்தை முதன்முதலாகக் கற்க விரும்புவோருக்குச் சில வார்த்தைகள் சொல்லவேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். கரும்பலகை வேண்டாம், ஒரு மேசை மாத்திரம் போதும் என்று அவருக்குச் சொன்னேன். அந்த மேசையிலே இருக்கும் பொருள்களைக் கண்டு முன்வரிசைத் தம்பிமார் சிலர் சிரிப்பதைக் கவனித்தேன். ஒரு பழைய சைக்கிள் டைனமோ, செப்புக் கம்பி சுற்றிய ஒரு மட்டைக் குழாய், கைக்கு அடக்கமான ஒரு றேடியோ, இன்னும் சில்லறைச் சாமான்கள். சிரிக்கட்டும். அவர்களுடைய சட்டைப் பையிலே கிடக்கும் தொலைபேசிக்குள் வானொலிக் கருவிகள் மூன்று நான்கு ஒளிந்திருக்கின்றன. ஆனால் அவற்றுள் ஒன்றையேனும் திறந்து பார்த்துப் பாடம் படிக்க வழியில்லை. என்னுடைய மேசையில் இருப்பவை திறந்தே கிடக்கின்றன.

பெரியோர்களுக்கு அந்த டைனமோவைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இக்குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றது. பல ஆண்டுகள் அது திரும்பவில்லை. தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலிலே பற்றரியும் சேர்ந்துகொண்டது. தீர்ந்துபோன பற்றரிகளை வெயிலிலே காயவைத்தோம். துளையிட்டு உப்புநீர் விட்டோம். ஆறேழு பற்றரிகளைக் கடதாசியால் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினோம். அதுவும் முடியாமற் போனபொழுது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையாற் சுற்றினோம். பத்திரிகை ஒன்றிரண்டு தாளோடு வந்த காலம். அந்த நாளில் உலகத்துக்கும் எங்களுக்கும் இடையே இருந்த பாலம், இரவு 9.15க்கு வரும் பீ.பீ.சி. தமிழோசையும், வெரித்தாஸ் வானொலியும், திருச்சி நிலையமுமேயாம்.

எங்கள் ஒழுங்கையில் ஒழுங்காகப் பேசிய றேடியோ ஒன்றே ஒன்றுதான். பெரியப்பா வீட்டு முற்றத்திலே முப்பது நாற்பது பேர் அதைச் சுற்றி இருப்பார்கள். இருப்பதா, இடம்பெயர்வதா என்ற யோசனைகூட அந்தச் செய்தியைக் கேட்ட பிறகே முடிவாகும். அப்பொழுது எனக்கு வயது பதினைந்து. விஞ்ஞானத்தில் நல்ல புள்ளி. அதனால் வந்த தலைக்கனமும் இருந்தது. ஒரு மாலை, யாரையும் கேளாமல், டைனமோவின் கம்பிகளை நேரே றேடியோவின் பற்றரி முனைகளிலே தொடுத்து, சைக்கிளை முழு வேகத்தில் மிதித்தேன். சிறிது நேரம் ஓர் இரைச்சல் கேட்டது. பின்பு ஒரு மணம் வந்தது. அதன் பின்பு ஒன்றும் கேட்கவில்லை.

பெரியப்பா என்னை அடிக்கவில்லை, அதுதான் கொடுமை. அன்றிரவு வழமைபோல எல்லோரும் வந்து, சங்கதி அறிந்து, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார்கள். பதினொரு நாள் எங்கள் ஒழுங்கை செவிடாக இருந்தது.

தந்திக் கந்தோரிலே வேலை பார்த்து இளைப்பாறிய முதியவர் ஒருவர் அயலிலே இருந்தார். மாமா என்றே அவரை அழைப்போம். கருகிய றேடியோவைக் கொண்டு போனேன். திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, நீ பிழை விட்டது ஓரிடத்திலை இல்லை, இரண்டு இடத்திலை. டைனமோ தாறது ஏ.சீ.; றேடியோ கேக்கிறது டீ.சீ. அது ஒண்டு. மற்றது, லைற்றைக் கழட்டிப்போட்டெல்லோ மிதிச்சிருக்கிறாய்!”

முதற்பிழை பாடப்புத்தகத்தில் உள்ளது. டைனமோவின் மின்னோட்டம் முன்னும் பின்னுமாக மாறிமாறி ஓடும் ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். நான்கு இருவாயிகளைச் சேர்த்தால் இது திருந்தும். இருவாயி என்பது ஒருபக்கமாக மட்டும் திறக்கும் படலை; ஒரு திசையில் வருவதை விடும், மறுதிசையில் வருவதை மறிக்கும். இரண்டாவது பிழையை எந்தப் புத்தகத்திலும் அப்பொழுது நான் கண்டதில்லை. சைக்கிள் டைனமோ 6 வோல்ற்று, 3 உவாற்று என்று எழுதியிருக்கும். ஆனால் அந்த 6 வோல்ற்று, விளக்கு எரியும்பொழுதுதான். விளக்கைக் கழற்றிவிட்டால், றேடியோ குடிப்பது மிகச் சிறிய ஓட்டமாதலால், அழுத்தம் இரண்டு மூன்று மடங்காக ஏறிவிடும். ஆகவே விளக்கையும் எரியவிட்டு, அதற்குச் சமாந்தரமாக இருவாயிகளையும், ஓட்டத்தைச் சீராக்க ஒரு பெரிய கொள்ளளவியையும் இணைத்து, நிதானமாக மிதிக்கவேண்டும். வெளிச்சமும் கிடைத்தது, செய்தியும் கிடைத்தது. பழைய றேடியோக்களிலிருந்து கழற்றிய உறுப்புகளைக் கொண்டு மாமா எங்கள் றேடியோவை உயிர்ப்பித்த அந்த இரவில், என்னை அவர் விட்டுவிடவில்லை. “உடைச்சவன் படிக்கவும் வேணும்” என்றார். அடுத்த நான்கு ஆண்டுகள் அவரிடம் படித்தேன்.

வரலாற்றை அவர் அதிகம் சொன்னதில்லை. நானும் சுருக்கமாகவே சொல்கின்றேன். ஜேர்மனியில் ஹேட்ஸ் என்பவர் மின்காந்த அலைகளை 1888இல் பரிசோதனையாற் காட்டினார். 1895இல் கல்கத்தாவிலே ஜகதீச சந்திர போஸ், சுவருக்கு அப்பாலிருந்த மணியை அவ்வலைகளால் அடிக்கச் செய்தார். அவர் கையாண்ட அலையின் நீளம் சில மில்லிமீற்றரே. இன்றைய புதிய தொலைபேசிகள் இப்போதுதான் அந்த எல்லைக்கு வருகின்றன. இலங்கையில் தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலி உறுப்புகளைக் கொண்டு பரீட்சார்த்த ஒலிபரப்புச் செய்தார்; 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கிற்று. எங்கள் நாட்டு வானொலியே பழஞ்சாமானிற் பிறந்ததுதான் என்பதை மேசையைப் பார்த்துச் சிரித்தவர்கள் கவனிக்கவும்.

இனி அலைக்கு வருவோம். “காற்றலை” என்று வழக்கத்திலே சொல்கின்றோம். அது பொருந்தாத சொல். இந்த அலைக்குக் காற்று வேண்டியதில்லை. வெற்றுவெளியிலும் அது போகும், ஒளியின் வேகத்திலேயே போகும். செக்கனுக்கு மூன்று இலட்சம் கிலோமீற்றர். ஒரு செக்கனில் அலை எத்தனை தடவை அதிர்கின்றதோ அதுவே மீடிறன். இவ்விரண்டிலிருந்தும் ஓர் எளிய கணக்கு வரும்: மூன்று இலட்சத்தை மீடிறனின் கிலோஹேட்ஸ் எண்ணால் வகுத்தால் அலையின் நீளம் மீற்றரிற் கிடைக்கும். 1939இல் தொடங்கிய திருச்சி நிலையத்தை நாங்கள் கேட்டது 936 கிலோஹேட்சில். வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 320 மீற்றர். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே நடந்து போக மூன்று நான்கு நிமிடம் செல்லும். உங்கள் வீட்டு வைஃபை 2,400 மெகாஹேட்ஸ். அதன் அலை 12½ சென்றிமீற்றர், ஒரு சாண் கூட இல்லை. இரண்டும் ஒரே இனம், நீளந்தான் வேறு. நீண்ட அலை மண்ணோடு ஒட்டித் தவழும், தடைகளைச் சுற்றி வரும். குட்டை அலை ஒளியைப்போல நேரே செல்லும், சுவரிலும் மரத்திலும் களைத்துப்போகும்.

மாமா என்னிடம் கேட்ட முதற்கேள்வி இது: “பகலிலை கொழும்பு இரைய, திருச்சி ஏன் பக்கத்து வீடு மாதிரிக் கேக்குது?” தூரம் ஒரு காரணம், கொழும்பு இங்கிருந்து சுமார் 300 கிலோமீற்றர், திருச்சி சுமார் 190. ஆனால் பெரிய காரணம் கடல். திருச்சியிலிருந்து வரும் வழியிலே பாதிக்குப் பாதி பாக்கு நீரிணை. உப்புநீர், வரண்ட மண்ணைவிட ஆயிரம் மடங்கு வரையில் நன்றாக மின்னைக் கடத்தும். மண்ணிலே தவழும் மத்திய அலை, போகும் வழியெல்லாம் நிலத்துக்குத் தன் வலுவைக் கொடுத்துக்கொண்டே போகின்றது. கடலிலோ அந்தச் செலவு மிகக் குறைவு. இரவில் வேறு கதை. சூரியன் மறைந்ததும் வான்மண்டலத்தின் கீழ்ப்படை ஒன்று கலைந்துவிடும். பகலில் அலையை விழுங்கிக்கொண்டிருந்தது அதுதான். அது போனபின் அலைகள் மேற்படையிலே தெறித்து நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இறங்கும். இரவிலே றேடியோ முள்ளைத் திருப்பினால் அந்நிய பாஷைகள் வந்து குவிவது இதனாலேதான்.

அவ்வளவு குரல்களும் ஒரே கம்பியில் ஏககாலத்தில் வந்து இறங்குகின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் பொறுக்குவது எப்படி? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஊஞ்சலுக்கும் அதற்கென்று ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்திலே மெல்லத் தட்டினாலே உயர ஆடும். தாளம் தப்பினால் பலசாலி தள்ளினாலும் ஆடாது. செப்புச் சுருளும் கொள்ளளவியும் சேர்ந்தால் மின்னுக்கு ஓர் ஊஞ்சல். கொள்ளளவியைத் திருப்புவது ஊஞ்சற் கயிற்றைக் கூட்டிக் குறைப்பது போன்றது. எந்த நிலையத்தின் தாளத்துக்கு அது பொருந்துகின்றதோ அந்த அலையே அதில் எழும். பாடப்புத்தகம் இதனைப் பரிவு என்கின்றது. எழுந்த அலையின் வீக்கத்திலும் வாட்டத்திலுமே அறிவிப்பாளரின் குரல் இருக்கின்றது. ஆனால் அலை முன்னும் பின்னும் சமமாக அதிர்வதால் செவிக்குழல் அசையாது நிற்கும். ஒரு பாதியை மறித்துவிட்டால் குரல் வெளிப்படும். மறிப்பதற்கு என்ன வேண்டும்? டைனமோவுக்கு வைத்த அதே ஒருவழிப் படலை, இருவாயி! மாமா இதை விளக்கிய அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இப்பொழுதும் சொல்லத் தெரியவில்லை.

அவர் தந்த வீட்டுவேலை ஒன்றை இங்கு சொல்லியே ஆகவேண்டும். சிறிய றேடியோவுக்குள்ளே கறுத்த ஃபெரைற்றுத் தண்டு ஒன்று இருக்கும். அதுவே மத்திய அலைக்கு ஏரியல். தண்டின் நுனி நிலையத்தை நோக்கினால் சத்தம் குன்றிவிடும். முற்றத்திலே நின்று றேடியோவைச் சுற்றிச் சுற்றித் திருப்பி, திருச்சி மங்கும் திசையைக் குறித்தேன்: வடமேற்கு. கொழும்பு மங்கியது ஏறக்குறையத் தெற்கில். பாடசாலைத் தேசப்படத்திலே அவ்வூர்களிலிருந்து அடிமட்டத்தால் இரண்டு கோடு இழுத்தேன். இரண்டும் யாழ்ப்பாணத்திலே வந்து வெட்டின. வீட்டை விட்டு அசையாமல், இரு குரல்களைக் கொண்டே நான் நிற்குமிடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். கப்பல்கள் வழி கண்டதும் இந்த முறையினாலேதான்.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்த கதை இச்சபையிலே பலருக்கு நேரே தெரியும். என்னுடைய சைக்கிளில் அம்மாவின் பெட்டியும், அரிசிப் பையும், அந்த றேடியோவும் இருந்தன. சாவகச்சேரிப் பக்கத்துப் பாடசாலையொன்றின் மண்டபத்திலே, இரவு விளக்கை எரியவிட்டு நான் மிதிக்க, சனங்கள் செய்தி கேட்டார்கள். பெரியப்பாவும் இருந்தார். “நிதானமாய் மிதி” என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

தம்பிமாரே, தங்கைமாரே, தொடங்க விரும்பினால் இதோ வழி. இரண்டு அங்குல விட்டமுள்ள மட்டைக் குழாயில் அரை மில்லிமீற்றர் இனாமற் செப்புக் கம்பியை 80 சுற்று நெருக்கிச் சுற்றுங்கள். பழைய றேடியோவிலிருந்து 365 பிக்கோபரட்டு மாறுங் கொள்ளளவி ஒன்றைக் கழற்றுங்கள். ஒரு ஜேர்மானிய இருவாயி—பொறுங்கள், தேசமன்று. ஜேர்மானியம் என்பது ஒரு மூலகத்தின் பெயர்—, ஒரு பளிங்குச் செவிக்குழல், இருபது மீற்றர் ஏரியற் கம்பி, கிணற்றடி ஈரமண்ணிலே புதைத்த ஒரு நிலத்தொடுப்பு. பற்றரி வேண்டாம், நிலையத்திலிருந்து வரும் அலையின் வலுவே போதும். மத்திய அலை நிலையங்கள் முன்போல இல்லை என்பதையும், தமிழோசையின் சிற்றலை 2017இல் நின்றுபோனதையும் மறைக்க மாட்டேன்; ஆதலால் பகலில் ஏமாறக்கூடும், இரவில் முயலுங்கள். ஏரியலை மின்கம்பிக்கு அண்மையிலே கட்டவேண்டாம். ஐப்பசி இடிமுழக்கத்தில் அதைக் கழற்றிவிடுங்கள். கேட்பதோடு நில்லாமல் தாமும் பேச விரும்புவோர், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் பெற்றே பேசவேண்டும். பரீட்சை உண்டு, சித்தியடைந்தால் 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். 2004 ஆழிப்பேரலையின் பின் தொலைபேசிகள் மௌனித்த தென்கரையிலே செய்தி கொண்டுசென்றவர்களுள் அத்தகைய பொழுதுபோக்கு வானொலியாளரும் இருந்தனர்.

நேரமாகின்றது, இருட்டியும் விட்டது. ஏரியலை மண்டபத்துக்குப் பின்னாலுள்ள வேம்பிலே மாலையே கட்டிவிட்டேன். செவிக்குழல் ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஆகையால் ஒவ்வொருவராக வாருங்கள். பெரியவர்கள் முதலில் கேட்கட்டும். கொள்ளளவியின் குமிழை மட்டும் மெல்லத் திருப்புங்கள்.