செப்புத்தகட்டில் முத்துக்கடல்



1672இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறிய பால்டேயுஸ் நூலில், நம் தூத்துக்குடி ஒரு செப்புத்தகட்டுச் சித்திரமாக இடம்பெற்றது. அவர் 1658இல் டச்சுப் படையோடு இக்கரை வந்த பாதிரியார். தகட்டைச் செதுக்குவோரோ பெரும்பாலும் கடல் கடந்தவரல்லர். பிறர் வரைந்து கொணர்ந்ததைப் பார்த்தே செதுக்கினர். ஆதலின் இத்தகைய சித்திரங்களில் பாய்க்கயிறு இழை பிசகாது. அலைதான் சுருள்சுருளான அலங்காரமாகிவிடும்.

அலையை மன்னித்துவிடலாம். நீருக்கடியில் பல பாகம் ஆழத்தில் கிடக்கும் முத்துப்பாரை எந்தத் தகடு காட்டிற்று? கல்லில் கால் பதித்து, மூச்சடக்கி இறங்கியவனைக் கேளாமலே, சுவாதி மழைத்துளி முத்தாகும் என்று நாமும் பாடினோம். உரோமாபுரிப் பிளினியும் பனித்துளி என்றே எழுதினார். கரையில் நின்றோர்க்கெல்லாம் ஒரே கற்பனை (அழகியதுதான், மறுக்கவில்லை)!

1973இல் இந்நகரிலேயே, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் மணிக்கருவும் மேலுறைத் திசுத்துண்டும் வைத்து முத்து விளைவித்தனர், மழைத்துளி தேவைப்படவில்லை.

முத்துக்குளிப்பு 1961உடன் நின்றது. அன்று இறங்கியோருள் எஞ்சியிருப்போர் எண்பதை எட்டியவர்கள். அடுத்த கவியரங்கத்துக்கு முன், கவிஞர்கள் அவர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, பாரின் மேல் வெளிச்சம் எப்படி விழும் என்று கேட்டு வருமாறு வேண்டுகிறேன்.