கிராம சபையில் இதையும் பேசுவோம்

தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லேயே தடை வந்துவிட்டது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மிக்கு எதிராக 2025-ல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. ஆனாலும் டீக்கடை ஓரம் துண்டுச் சீட்டில் மூன்று நம்பர் லாட்டரி எழுதித் தர ஓர் ஆள் நின்றால் போதும், சேலை அறுத்துக் கொடுத்து வாங்கிய நெசவுக்கூலி வீடு வந்து சேராது. அந்த ஆள் யாரென்று வார்டு உறுப்பினருக்குத் தெரியாமலா இருக்கும்?

பராந்தக சோழன் காலத்திலேயே குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த உத்திரமேரூர், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்த மண்ணின் கிராம சபைகள் இந்தச் சீட்டு விற்பனையைப் பற்றிப் பேசாமல் இருக்கலாமா? சீட்டு விற்கும் இடத்தைக் குறிப்பிட்டு, காவல்துறை நடவடிக்கை கேட்டுத் தீர்மானம் போடலாம். சூதாட்டப் பழக்கத்தில் சிக்கியவர்களுக்காக 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை ஊராட்சி அலுவலகச் சுவரில் பெரிதாக எழுதி வைக்கலாம். அக்டோபர் 2 கிராம சபைக்குப் போங்கள். எழுந்து நின்று கேளுங்கள்.