கலப்பும் பிரிப்பும்



பம்பாயில் வாழும் தமிழர்க்கு மாட்டுங்கா என்றதும் வாழையிலையும் முருங்கைக்காயும் காப்பிக்கொட்டையின் மணமும் நினைவுக்கு வரும். அந்தச் சந்தைக்குச் சிறிது தொலைவில், 1933-ஆம் ஆண்டில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கி, இன்று இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம் என்ற பெயரோடு விளங்கும் கல்விக்கூடம் இருப்பதை நம்மவருள் பலர் கவனிப்பதில்லை. பஞ்சாலைகள் நிறைந்திருந்த நகரத்தில் துணிக்குச் சாயம் ஏற்றும் கலையை விஞ்ஞானமாகக் கற்பிக்க வேண்டியிருந்தது. 1938-இல் அதன் தலைமையை ஏற்ற முதல் இந்தியர், சென்னையில் 1901-இல் பிறந்த கே. வெங்கடராமன். மான்செஸ்டரில் பயின்று, லாகூரில் கற்பித்து, பின்னர் மாட்டுங்காவுக்கு வந்தவர். செயற்கைச் சாயங்களின் இரசாயனத்தைப் பற்றி 1952-இல் அவர் வெளியிட்ட இரு தொகுதிகள் உலகெங்கும் பயிலப்பட்டன. 1957-இல் புனா தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தின் முதல் இந்திய இயக்குநரானார். 1977-இல், சாயங்களைப் பகுத்தறியும் முறைகளைப் பற்றியே தனியாக ஒரு நூலைத் தொகுத்தளித்தார்.

சாயத்தைப் பகுத்தறிவதற்கு ஒரு தனி நூலா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். கலைப் பட்டதாரியாகிய எனக்குச் சிவப்பு என்றால் சிவப்புத்தான். ஆனால் சிவப்பாகத் தோன்றும் பொருள்கள் ஆயிரம் உண்டு. கண் அவற்றை வேறுபடுத்தாது. ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதற்கு முன், அதை மற்றவற்றிலிருந்து பிரித்தாக வேண்டும்.

பிரிக்கும் வழியை ருஷ்ய தாவரவியலார் மிகைல் ஸ்வெட் கண்டார். வார்சா நகரில் 1903-இல் அவர் அதை எடுத்துரைத்தார். கண்ணாடிக் குழாயில் சுண்ணப் பொடியை நிரப்பி, பச்சிலைச் சாற்றை மேலிருந்து ஊற்றி, தக்கதொரு திரவத்தால் கழுவினார். பச்சை ஒன்றெனத் தோன்றியது பச்சையும் மஞ்சளுமாகப் பல பட்டைகளாகப் பிரிந்து இறங்கியது. ருஷ்ய மொழியில் ஸ்வெட் என்ற சொல்லுக்கே நிறம் என்பது பொருள். இம்முறைக்கு அவர் இட்ட பெயரைத் தமிழில் வண்ணப்பிரிகை என்கிறோம். இன்று இம்முறையால் பிரிக்கப்படும் பொருள்களுள் மிகப் பல நிறமே அற்றவை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது; மொழிபெயர்ப்பாளன் அதைத் திருத்த உரிமையற்றவன்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். கரும்பலகையில் எழுதும் சுண்ணக்கட்டி ஒன்றின் அடிப்பகுதியில், நீரில் கரையும் கறுப்பு மையால் ஒரு வளையம் வரையுங்கள். வளையம் நனையாதபடி சிறிதளவு நீருள்ள தம்ளரில் கட்டியை நிறுத்துங்கள். நீர் மேலேற ஏற, கறுப்புக்குள் மறைந்திருந்த வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் விலகும். தாதர் கடைவீதியில் புறப்படும் கூட்டத்தில், ஒவ்வொரு கடையிலும் நிற்பவர் பின்தங்குவார், எதிலும் மனம் ஒட்டாதவர் முதலில் ஸ்டேஷனை அடைவார் அல்லவா? சுண்ணத்தில் மிகுதியாக ஒட்டும் பொருள் பின்தங்குகிறது, அவ்வளவே.

1941-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், கம்பளி ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த மார்ட்டின், சிங் என்ற இருவர் இம்முறையை ஒரு புதிய தத்துவத்தின்மீது நிறுவினர். 1952-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிட்டியது. இன்றைய கருவிகளில் திரவம் பேரழுத்தத்துடன் செலுத்தப்படுகிறது. குழாயிலுள்ள துகள்களோ ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு பருமனே உள்ளவை.

இனி நம் சமையலறைக்கு வருவோம். 2003-ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து சென்ற மிளகாய்ப் பொருள்களில் 'சூடான் ஒன்று' என்ற சாயம் இருப்பது பிரான்சில் கண்டுபிடிக்கப்பட்டது. அது மெழுகுக்கும் எண்ணெய்க்கும் உரிய சாயம். உணவில் சேர்க்க நம் நாட்டிலும் அனுமதி இல்லாதது. விலங்குச் சோதனைகளில் புற்றுநோயோடு தொடர்புடையதாகக் காணப்பட்டது. ஐரோப்பிய நாடுகள் சோதனைச் சான்று கேட்கத் தொடங்கின. 2005-இல் பிரிட்டனில் இதே காரணத்துக்காக 400-க்கு மேற்பட்ட உணவுப் பண்டங்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

தண்ணீரில் மிளகாய்த் தூளைத் தூவி, நிறம் கோடுகோடாக இறங்குகிறதா என்று பார்க்கும் வழக்கம் நம் பெண்மணிகள் அறிந்ததே. நீரில் கரையும் சாயத்துக்கு அது நல்ல சோதனை. சூடான் சாயமோ நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். மிளகாயின் இயற்கை நிறமும் அவ்வாறே. தாளிக்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே எண்ணெயைச் சிவக்கவைக்கும். வண்ணப்பிரிகைக் குழாய் ஒன்றே இவ்விடத்தில் சாட்சி சொல்ல வல்லது. இரு பொருள்கள் ஒரே நேரத்தில் வெளிவந்தால் என்ன செய்வது? மூலக்கூறையே நிறுத்துப் பார்க்கும் கருவியை அடுத்து வைக்கிறார்கள். ஐதரசன் அணுவின் எடையை ஒன்று எனக் கொண்டால், சூடான் ஒன்றின் எடை ஏறக்குறைய 248. மிளகாய்ச் சிவப்பான காப்சாந்தினின் எடை 585. இங்கே ஐயத்துக்கு இடமில்லை.

நூறு கோடியில் ஒரு பங்கு அளவில் உள்ள பொருளைக்கூட இக்கருவிகள் காட்டவல்லன. அதாவது ஆயிரம் டன்னில் ஒரு கிராம்! ஆனால் அவ்வளவு சிறிய அளவால் தூள் சிவக்காது. அது ஒரு கோணியிலிருந்தோ அரைக்கும் இயந்திரத்திலிருந்தோ ஒட்டியதாக இருக்கலாம். வேண்டுமென்றே கலந்தவன் அதைவிடப் பன்மடங்கு கலந்தே ஆகவேண்டும். ஆகவே அளவைக் கேளாமல் பெயரை மட்டும் கேட்டு அஞ்சுவது முறையன்று. அதுபோலவே, அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்று எழுதியிருந்தால் 'இல்லை' என்று மொழிபெயர்க்கலாகாது. அந்தக் கருவியின் எல்லைக்குக் கீழே என்பதே அதன் பொருள். இதை அறியாமல் நானே ஒருமுறை 'இல்லை' என்று எழுதி, மேலதிகாரியிடம் திருத்தம் பெற்றவன்.

செம்பூரிலும் தாராவியிலும் முழு மிளகாயை வாங்கிக் காயவைத்து, சக்கியில் தம் கண்ணெதிரே அரைத்துக்கொள்ளும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அதற்கு நேரமில்லாதவர்க்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, பொருளை வாங்கியவர் எவரும் கட்டணம் செலுத்தி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் அதைச் சோதிக்கச் சொல்லலாம். சட்டத்துக்கு மாறானது என்று தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: சோதனைக்கு அனுப்பப் போவதாக, வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். நெடுநாள் பழகிய கடைக்காரரிடம் அதை எந்த மொழியில், எந்தக் குரலில் சொல்வது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.