வேரோடு உறவாடும் பூஞ்சை

பூஞ்சை என்றாலே மருந்தடித்து ஒழிக்க வேண்டிய நோய் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பயிருக்குச் சோறு போடும் பூஞ்சையும் இருக்கிறது.

ஜெர்மனியில் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்று ஒரு தாவரவியல் அறிஞர். மண்ணுக்கடியில் விளையும் விலை உயர்ந்த டிரஃபிள் காளானைப் பயிர் செய்ய முடியுமா என்று ஆராயும் பொறுப்பை பிரஷ்ய அரசு அவரிடம் கொடுத்தது. மரங்களின் வேரைத் தோண்டிப் பார்த்தார். மெல்லிய வேர் நுனிகள்மேல் உறை மாட்டியதுபோலப் பூஞ்சை படர்ந்திருந்தது. மரங்களோ நல்ல செழிப்பு! இந்தப் பூஞ்சைதான் மரத்துக்கு ஊட்டம் தருகிறது என்று 1885-ல் எழுதினார். அன்றைக்குப் பலர் அதை ஏற்கவில்லை.

பூஞ்சை ஊட்டம் தருவது எப்படி? மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் எளிதில் நகராது. வேர் தன் பக்கத்தில் இருப்பதை உறிஞ்சி முடித்ததும் அந்த இடம் வற்றிவிடும். வேர்த்தூவியைவிட மெல்லிய பூஞ்சை இழைகள் அதையும் தாண்டிப் போய் மணிச்சத்தைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. பதிலுக்குச் செடி, தான் தயாரித்த சர்க்கரையைக் கொடுக்கிறது. நிலத்தாவரங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் வாழ்கின்றன. கடுகு, முட்டைக்கோஸ் குடும்பம் விதிவிலக்கு.

நாற்றங்காலில் இடுகிறோமே 'வேம்' உயிர் உரம், அது வேருக்குள்ளேயே புகுந்து வாழும் இன்னொரு வகைப் பூஞ்சை. விதைக்கு 2, 3 சென்டிமீட்டர் கீழே பரப்பிவிட்டால், இறங்கும் வேர் அதைத் தொட்டுக்கொண்டே போகும். ஒன்றை மறந்துவிடாதீர்கள். மணிச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டிய மண்ணில் செடி இந்தப் பூஞ்சையை அவ்வளவாகச் சேர்த்துக்கொள்ளாது. வேம் இடுகிறவர்கள் மண் பரிசோதனை செய்து, சூப்பர் பாஸ்பேட்டைக் குறைத்தே இடுங்கள்.