நாள் கடத்துவதும் நாளைக்கு வைப்பதும்

(சிலாபம், மாதம்பை, மாரவில பகுதித் தென்னந்தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையை இந்தக் கூட்டத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். வீட்டில் உடுப்புத் துவைக்கவும் விறகு பொறுக்கவும் இருக்கும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

"எப்படி இருக்கிறீங்க?" என்று யாராவது கேட்டால் நம்மில் அதிகம் பேர் சொல்கிற பதில், "ஏதோ ஓடுது." கடையில் கொப்பியில் எழுதிச் சாமான் எடுக்கிறோம், சம்பளத்தன்று கடனை அடைக்கிறோம், மறுநாள் காலையில் மறுபடியும் கொப்பி. இதைச் சோம்பல் என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளாப்பில் எழும்பி வேலைக்கு நிற்கிற சனம் நாம். ஆனாலும் இருபது வருஷம் ஓடிய பிறகு கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், ஓடியது மட்டும்தான் மிச்சமாக இருக்கிறது.

நாளைக்கென்று எடுத்து வைப்பது எப்படி என்று நமக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. தென்னைக்கு அதைச் செய்கிறவர்களே நாம்தான். மழைக்காலத்தில் மரங்களுக்கு நடுவே குழி வெட்டி, உரித்த மட்டையை அடுக்கி, மண் போட்டு மூடுகிறோம். மட்டை தண்ணீரைக் குடித்து வைத்திருந்து வரட்சியில் வேருக்குக் கொடுக்கிறது. பாளை வெடித்த பூ முற்றிய தேங்காயாக வர 11, 12 மாதம் ஆகும். இந்த வருஷத்து வரட்சி அடுத்த வருஷத்துப் பறிப்பில்தான் தெரியும். அதனால் மரம் வாடுகிற வரைக்கும் எந்தத் தோட்டக்காரரும் காத்திருப்பதில்லை. கிழட்டு மரம் விழுவதற்கு முன்பே அதனருகில் கன்று வைக்கிறார்கள், ஏனென்றால் நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம் வேண்டும். லுணுவிலையில் 1929ஆம் ஆண்டிலிருந்து தென்னைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மரத்துக்கு இவ்வளவு ஆயத்தம் நடக்கிறது. அந்த மரத்தில் ஏறுகிறவனுக்கும், அடியில் குனிந்து மட்டை உரிக்கிறவளுக்கும் என்ன ஆயத்தம் இருக்கிறது என்பதைத்தான் இன்றைக்குக் கதைக்க வந்தோம்.

ஆயத்தம் என்றதும் எல்லோருக்கும் காசுதான் நினைவுக்கு வரும். நாங்கள் முதலில் கடதாசியைப் பற்றிச் சொல்கிறோம். அதற்குக் காரணம் நம் சனத்தின் சரித்திரம்.

1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரில் பெரும்பகுதியினரை நாடற்றவராக்கியது. மறுவருஷம் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு வழி விட்டது. 1946 சனவரி 1க்கு முன்பு தொடர்ந்து 7 வருஷம், மணமாகாதவர் என்றால் 10 வருஷம், இந்த நாட்டில் இருந்ததை நிரூபிக்க வேண்டும். 8 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. சட்டம் அநியாயமானது, அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்த அநியாயம் நம் பாட்டன் பாட்டியின் மேல் எப்படி இறங்கியது என்று பாருங்கள். பிறப்பைப் பதிந்த துண்டு எங்கே, எந்தத் தோட்டத்தில் எந்த வருஷம் பெயர் இருந்தது என்று கேட்டார்கள். லயத்துக் காம்பிராவில் பிறந்து வளர்ந்தவனிடம் அந்தத் துண்டு இல்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அந்தக் கணக்கு முழுதாகத் தீரவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல்!

இன்றைக்கு நமக்கு வாக்கு இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது. ஆனால் கடதாசியில் இருக்கிற அசட்டை இன்னும் போகவில்லை. பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி, அடையாள அட்டையில் லட்சுமி, சேமலாப நிதிப் பதிவில் லெட்சுமியம்மா. மூன்றும் ஒரே ஆள்தான் என்று கங்காணிக்குத் தெரியும், தோட்டத்துக்கே தெரியும். கணினிக்குத் தெரியாது. ஐம்பது வயதில் காசு எடுக்கப் போகும்போதுதான் இது வெளியில் வருகிறது. அப்போது கிராம உத்தியோகத்தரிடம், பிரதேச செயலகத்துக்கு, சத்தியக் கடதாசிக்கு என்று பஸ் காசு செலவழித்து அலைய வேண்டும். இளம் வயதில் ஒரு நாள் சம்பளத்தை விட்டுத் திருத்திக்கொண்டால் அந்த அலைச்சல் மிச்சம்.

இனி காசுக்கு வருவோம். கணக்கைக் கவனமாகக் கேளுங்கள், இளைஞர்கள் போனில் போட்டுப் பாருங்கள்.

2026 சனவரியிலிருந்து நாட்டின் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா, நாட்சம்பளம் 1,200 ரூபா. 30,000 எடுக்கிற ஒருவரின் சம்பளத்தில் 8 வீதம், அதாவது 2,400 ரூபா, ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது. முதலாளி தன் கையிலிருந்து 12 வீதம், 3,600 ரூபா, சேர்த்துக் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம், 900 ரூபா. மொத்தம் மாதம் 6,900. வருஷத்துக்கு 82,800. வட்டியைச் சேர்க்காமலே 20 வருஷத்தில் 16,56,000 ரூபா. நம் வாழ்நாளில் வேறெந்த வழியிலும் இவ்வளவு பெரிய தொகையை நாம் சேர்க்கப் போவதில்லை.

இது 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் தந்த உரிமை. "நிரந்தர ஆளுக்குத்தான் ஈ.பி.எஃப்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தற்காலிக வேலை, நாட்கூலி, எண்ணிக்கைக்குக் கூலி, எதுவானாலும் வேலைக்கு இறங்கிய முதல் நாளிலிருந்து சட்டம் மூடுகிறது. நம் பகுதியில் முக்கியமான பிரச்சினை இதுதான். மலையகத்தில் செக்றோலில் பெயர் விழுகிறது. இங்கே தேங்காய் பறிக்கிறவர் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு தோட்டத்துக்கு வருகிறார், மறுநாள் வேறு தோட்டம். மட்டை உரிக்கிறவருக்கு ஆயிரம் காய்க்கு இவ்வளவு என்று கைக்காசு. தும்பு ஆலையில், கொப்பரா வாடியில் வேலை செய்கிற பெண்களுக்கும் அதே கதை. துரையைக் கேட்டால் "அது கொந்தராத்துக்காரரின் ஆள்" என்பார். கொந்தராத்துக்காரரைக் கேட்டால் "தோட்டத்து வேலைதானே" என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் நம் 12 வீதம் காற்றோடு போகிறது.

இந்தச் சண்டையைத் தொழில் அலுவலகத்தில் தீர்க்கலாம். சங்கம் கூட வரும். ஆனால் அதிகாரி முதலில் கேட்பது சாட்சியம். எந்தத் தேதி, எந்தத் தோட்டம், எத்தனை காய், யார் காசு கொடுத்தார்? நம் ஆட்கள் தலையைச் சொறிகிறார்கள். பிள்ளையின் பழைய பள்ளிக்கூடக் கொப்பியில் மிஞ்சிய தாள் போதும், தோழர்களே. ஒவ்வொரு நாளும் ஒரு வரி எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள், பிள்ளைக்கும் அப்பா அம்மா என்ன பாடுபடுகிறார்கள் என்று விளங்கும். கடைக்காரர் நம் கடனைக் கொப்பியில் எழுதுகிறார், ஒரு நாளும் தவறுவதில்லை. நமக்கு வரவேண்டியதை எழுத ஒரு கொப்பி வேண்டாமா?

ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். தோட்டத்தின் பெயர் வேண்டாம். நம் அம்மா ஒருவர் 20 வருஷத்துக்கு மேல் அங்கே வேலை செய்தார். முழங்கால் நோவு வந்து நின்றபோது கையில் ஒரு சேலையும் கொஞ்சக் காசும் கொடுத்து அனுப்பினார்கள். அவரும் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். சேவைக்காலப் பணம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் 5 வருஷம் முடித்தவர் எந்தக் காரணத்தால் விலகினாலும், நாட்சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். 1,200 ரூபாப்படி வருஷத்துக்கு 16,800. 20 வருஷத்துக்கு 3,36,000. சேலை என்ன விலை இருக்கும்? 15 பேருக்குக் குறைந்த சிறு தோட்டம் என்றால் தொழில் நியாய சபைக்குப் போகலாம், ஆனால் விலகி 6 மாதத்துக்குள் போக வேண்டும். இந்த அம்மா எங்களிடம் வந்தது அதற்கெல்லாம் மிகவும் பிந்தி. விஷயம் இன்னும் இழுபடுகிறது.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு நம் பகுதித் தோட்டங்கள் துண்டு துண்டாகின. இன்றைக்கும் விற்கிறார்கள், வீட்டுக் காணியாக்குகிறார்கள். தோட்டம் கை மாறுகிறது என்று காதில் விழுந்தால் அன்றைக்கே சங்கத்துக்குச் சொல்லுங்கள். பழைய முதலாளி போவதற்குள் சேவைக்காலத்தை எழுத்தில் வாங்க வேண்டும்.

சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். கலியாணத்துக்காக வேலையை விடுகிற பெண் அப்போதே எடுக்கலாம். சட்டம் இடம் கொடுக்கிறது, நாங்கள் தடுக்க முடியாது. ஆனால் அந்தக் காசு பந்தலுக்கும் வீடியோக்காரனுக்கும் போவதைப் பார்த்து வயிறு எரிகிறது, தங்கைமாரே. 10 வருஷம் கட்டி, கணக்கில் 3 இலட்சத்துக்குக் குறையாமல் இருந்தால் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் வரை முன்கூட்டி எடுக்கவும் வழி இருக்கிறது. கூரை போட எடுத்தால் அதில் ஓர் அர்த்தம் இருக்கிறது.

கடனைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. கிழமைக் கடன்காரர் மோட்டார் சைக்கிளில் வருகிற சத்தம் கேட்டால் லயத்தில் கதவு சாத்துகிற வீடுகள் நமக்குத் தெரியும். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்கத் தோடு அடகுக் கடைக்கு. 2021இல் ஹிங்குராங்கொடையில் இந்த நுண்கடனுக்கு எதிராகப் பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். நமக்கு மட்டும் வந்த நோய் இல்லை இது. எங்கள் எண்ணம், பத்துப் பெண்கள் சேர்ந்து கிழமைக்கு ஆளுக்கு 200 ரூபா போட்டால் மாதம் 8,000 சேரும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அதிலிருந்து எடுக்கலாம், கடன்காரர் வேண்டாம். சீட்டுப் பிடித்துப் பழகியவர்கள் நாம், இது புதிதில்லை. சீட்டில் ஆள் ஓடிவிடுவான் என்ற பயம் இருப்பதால் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்துகொள்வது நல்லது. ஆண்களுக்கு ஒரு வார்த்தை: கிழமைக்கு 200 எங்கே என்று வீட்டில் கேட்டால் தவறணைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

பிள்ளைகளைப் பற்றி நீளமாகக் கதைக்கத் தேவையில்லை, சாதாரணதரத்துக்கு முன்னால் நிறுத்தாதீர்கள். பறிப்புக் காலத்தில் தேங்காய் பொறுக்கக் கூப்பிட்டு ஒரு கிழமை பள்ளிக்கூடம் கெட்டால், அந்தப் பிள்ளை திரும்பவும் வகுப்பில் கால் வைக்கக் கூச்சப்படும். மரம் ஏறவோ உழவு இயந்திரம் ஓட்டவோ ஏற்கெனவே தெரிந்த தம்பிமார் அந்தத் திறமைக்குத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்க முடியுமா என்று தொழிற்பயிற்சி அதிகார சபையில் விசாரியுங்கள். மரத்திலிருந்து விழுந்து அடிபட்டால் 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் "வேலையில் விழுந்தேன்" என்று சொல்லி எழுதுவிக்க வேண்டும். "வீட்டில் விழுந்தேன் என்று சொல்லு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்பவர் பிறகு உங்களைப் பார்க்க மாட்டார்.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வெள்ளம் நம் மாவட்டத்தை எப்படி அடித்தது என்பதை யாரும் மறக்கவில்லை. அரிசியும் பாயும் பிறகு கிடைத்தன. நனைந்து கூழான சான்றிதழ்களுக்குத்தான் இன்னும் அலைகிறோம். தண்ணீர் புகாத பை ஒன்று பெரிய விலை இல்லை.

வருகிற மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ், சேமலாப நிதி இலக்கம் எழுதிய துண்டு, கையில் இருக்கிற சம்பளச் சிட்டை எல்லாம் கொண்டு வாருங்கள். பெயர் ஒத்துப் பார்க்கவும், பின்னுரித்தாளியாக யாரைப் போட்டிருக்கிறது என்று கேட்டு எழுதவும் இரண்டு பேர் மேசை போட்டு இருப்பார்கள். கலியாணத்துக்கு முன் தாயின் பெயரைப் போட்டு, தாய் இறந்த பிறகும் மாற்றாதவர்கள் முதலில் வாருங்கள். இலக்கமே இல்லாதவர்கள், கைக்காசுக்கு உரிக்கிறவர்கள், பறிக்கிறவர்கள், வெறுங்கையோடு வர வேண்டாம். இன்றிலிருந்து எழுதிய கொப்பியோடு வாருங்கள். நான்கு கிழமை எழுதிய கொப்பி பத்து வந்தால், அதை வைத்துக்கொண்டு சிலாபம் தொழில் அலுவலகத்துக்கு ஒன்றாகப் போவோம்.