சொல் படைத்தோம், இனி நிரல் படைப்போம்!

(திருவரங்கத்தில் கல்லூரி மாணவரிடையே ஆற்றிய உரை)



கணினி, நிரல், கோப்பு, இயங்குதளம் எனச் சொற்கள் பல படைத்துவிட்டோம். அவை நல்ல சொற்களே. ஆயினும் ஏரைச் செய்து பரணில் வைத்தவன் உழவனாகான். அச்சொற்களால் எண்ணி நிரல் எழுதுவார் இல்லையெனில், அவை அகரமுதலியிலேயே உறங்கிவிடும்.

தமிழ்வழிப் பயின்று பல்கலைக்கழகம் புகும் மாணவர் சிலர், “ஆங்கிலம் வாராது, ஆகவே நிரலும் வாராது” என அஞ்சி ஒதுங்குகின்றனர். நிரல் எழுதுதல் ஆங்கில அறிவன்று; முறையறிவு. மதிப்பை ஏற்கும் மாறி, ‘இன்னதாயின் இதைச் செய்’ என்னும் நிலைமை, ‘இத்தனை முறை செய்’ என்னும் மடக்கு ஆகிய மூன்றையும் தாய்மொழியில் தெளிந்தவனுக்கு எஞ்சுவன சில குறிச்சொற்களே. ‘சி’ மொழியின் 1989-ஆம் ஆண்டுத் தரத்தில் ஒதுக்கப்பட்ட சொற்கள் 32 மட்டுமே! இவற்றைக் கற்க இயலாதா?

இயங்குதளமும் மறைபொருளன்று. முக்கொம்பு மேலணை நீரைக் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் பங்கிடுகின்றது. அதுபோலவே இயங்குதளம், மையச் செயலகத்தின் நேரத்தையும் நினைவகத்தையும் நிரல்களுக்குப் பங்கிடுகின்றது. 1991-இல் ‘இலினக்சு’ இயங்குதளக் கருவை வெளியிட்ட இலினசு தோர்வால்சு, எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர், அகவை 21. அவர் தாய்மொழி ஆங்கிலமன்று. பின்லாந்தில் சிறுபான்மையர் பேசும் சுவீடிய மொழி!

அதே ஆண்டில் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழெழுத்துகள் இடம்பெற்றன. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ நிரல்மொழியில் ‘பதிப்பி’ என்பதே கட்டளை. அதில் நிலைமை முன்னும் ‘ஆனால்’ என்னும் சொல் பின்னும் நிற்கும். இது நம் சொற்றொடர் இயல்பு. 2008-இல் வெளிவந்த பைத்தான் மூன்றாம் பதிப்பு முதல், அம்மொழியிலும் மாறிகளுக்குத் தமிழ்ப்பெயர் சூட்டலாம்.

இத்திருவரங்கத்தில் வளர்ந்த பொறியாளர் சுசாதா, கணினியைத் தமிழில் பொதுமக்களுக்கு விளக்கினார். அவர் நடையிலுள்ள பிறமொழிக் கலப்பு நமக்கு உடன்பாடன்று. ஆயினும் தமிழால் இயலும் எனச் செய்து காட்டினார்.

மாணவர்களே! இலினக்சு விலையின்றிக் கிடைக்கின்றது. அதனை நிறுவுங்கள். கோப்புகளைப் பட்டியலிடவும், படியெடுக்கவும், அவற்றைத் திறக்கும் உரிமையை வரையறுக்கவும் கட்டளை வழியே பழகுங்கள். வாய்பாடு அச்சிடும் சிறு நிரலில் தொடங்குங்கள். மாறிகளுக்குத் தமிழ்ப்பெயர் இடுங்கள். விளக்கக் குறிப்பைத் தமிழில் எழுதுங்கள். கற்றதை இளைய மாணவர் ஒருவர்க்கேனும் தமிழில் கற்பியுங்கள்.

பயன்படுத்தும் கையில்தான் மொழி வாழும். அக்கை உங்கள் கையாகுக!